என் பிணம் எந்த வழியாகப் போகும்?

செத்த பிறகு புதைத்தால் என்ன, எரித்தால் என்ன என்று சொல்வது நம் முற்போக்குத் தோழர்களிடையே ஒரு பெருமையாகிவிட்டது. கடவுள் இல்லை, ஆன்மா இல்லை, மறுபிறவி இல்லை. ஆகவே பிணத்தைப் பற்றிக் கவலைப்படுவதே மூடநம்பிக்கை என்கிறார்கள். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் நீங்கள் கவலைப்படாத அந்தப் பிணத்தைப் பற்றிச் சாதி கவலைப்படுகிறது. எந்தத் தெரு, எந்த மயானம், யார் தூக்குவது, யார் குழி வெட்டுவது, யார் கொள்ளி வைப்பது, கண்ணீர் அஞ்சலி சுவரொட்டியில் பெயருக்குப் பின்னால் என்ன வால் ஒட்டுவது என்று நீங்கள் முடிவெடுக்காமல் விட்டுப்போன அத்தனையையும் சாதி முடிவெடுத்துக்கொள்ளும்.

இது நேற்று வந்த ஏற்பாடு இல்லை. இறந்த சூத்திரனை ஊரின் தெற்கு வாசல் வழியாகக் கொண்டுபோ என்கிறது மனுதர்மத்தின் ஐந்தாம் அத்தியாயம். மற்ற மூன்று வாசல்கள் மற்ற மூன்று வருணங்களுக்கு. பத்தாம் அத்தியாயம் பிணத்தின் துணியையே சண்டாளருக்கு உடையாக்குகிறது. உயிரோடிருப்பவனை மட்டும் பிரித்துவைத்தால் போதாது, பிணத்தையும் பிரிக்க வேண்டும் என்பது எழுதியவனுக்குத் தெரிந்திருந்தது.

எங்கள் பழையசீவரத்துக்கு மாட்டுப்பொங்கல்தோறும் காஞ்சிபுரம் வரதராசப் பெருமாள் பார்வேட்டைக்கு வருகிறார். மலையேறி இறங்கி, பாலாற்றைக் கடந்து திருமுக்கூடலுக்கும் போகிறார். சிலைக்கு ஊர் ஊராக வழி திறக்கிறது. இதே பாலாற்றில் மேலே போனால் வாணியம்பாடி. அதன் அருகே நாராயணபுரத்தில், 2019 ஆகஸ்டில், ஒரு தலித்தின் உடலைப் பாலத்தின் மேலிருந்து கயிறு கட்டி இறக்கினார்கள். மயானத்துக்குப் போகும் வழியில் நிலம் வைத்திருந்த ஆதிக்கச் சாதியினர் பாதை விடவில்லை. சென்னை உயர்நீதிமன்றம் தானே முன்வந்து அதை விசாரித்தது. ஆதிதிராவிடருக்கென்று தனி மயானம் ஒதுக்குவதன் மூலம் அரசே இந்தப் பாகுபாட்டை ஊக்குவிப்பதுபோலத் தெரிகிறதே என்று கேட்டது. அதற்கு முன், 2016 ஜனவரியில், திருநாள்கொண்டச்சேரியில் பொதுப்பாதை வழியாக உடலைக் கொண்டுபோகலாம் என்று அதே நீதிமன்றம் உத்தரவிட்டிருந்தது. உத்தரவைக் காக்க வேண்டிய காவல்துறையே உடலைக் கைப்பற்றி வேறு வழியில் கொண்டுபோய் அடக்கம் செய்தது. 2021 டிசம்பரில் நீதிபதி ஆர். மகாதேவன், மயானங்களில் சாதியைக் குறிக்கும் பலகைகளை அகற்றச் சொன்னார். பலகையைக் கழற்றுவது எளிது. பலகை இல்லாமலே எது யாருடைய சுடுகாடு என்பது ஊரில் பிறந்த குழந்தைக்கும் தெரியும்.

திருமணத்தில் நாம் போராடி ஒன்றை வென்றிருக்கிறோம். 1929 பிப்ரவரியில் செங்கல்பட்டில் நடந்த முதல் சுயமரியாதை மாகாண மாநாடு, பெயருக்குப் பின்னாலிருந்த சாதிப் பட்டத்தை வெட்டச் சொன்னது. புரோகிதர் இல்லாத சுயமரியாதைத் திருமணத்துக்கு அண்ணாவின் அரசு 1967இல் சட்டம் கொண்டுவந்தது. இழவு வீட்டுக்கு அப்படியொரு சட்டம் இல்லை. எனக்கு இன்ன சிகிச்சை வேண்டாம் என்று முன்கூட்டியே எழுதிவைக்க 2018இல் உச்சநீதிமன்றம் வழிவிட்டது. மூச்சு நின்றதும் அந்த உரிமையும் நின்றுவிடுகிறது. சடங்கு வேண்டாம் என்று உயிலில் எழுதலாம். அதன்படி நடக்கக் குடும்பத்தைக் கட்டாயப்படுத்தும் தனிச் சட்டம் இங்கே கிடையாது. போதாக்குறைக்கு, உயிலைப் பீரோவிலிருந்து எடுப்பதே பதினாறாம் நாள் காரியம் முடிந்த பிறகுதான். வாழ்நாளெல்லாம் கருப்புச் சட்டை போட்டவருக்குப் பிள்ளைகள் பிண்டம் வைத்ததை நம்மில் பலர் கண்ணால் பார்த்திருக்கிறோம். ‘அவர் கொள்கை அவரோட, ஊர் வழக்கம் எங்களோட’ என்பார்கள். அந்த ஊர் வழக்கத்துக்குத்தான் சாதி என்று பெயர்.

சாவைத் திட்டமிடுவதெல்லாம் படித்தவர்களின் ஆடம்பரம் என்றும் ஒரு வாதம் உண்டு. என் அம்மா பிறந்த ஊரில் தாத்தா ஊராருக்குக் குழி வெட்டியவர். இழவு சொல்லப் போவதும், பறையடிப்பதும், இரவெல்லாம் பிணம் காத்து எரிப்பதும் அவர் தலையில். கூலி என்று பேசியது கிடையாது. வாய்க்கரிசியும் கோடித்துணியும் சில்லறையும்தான். அவர் எரித்த சுடுகாட்டில் அவரை எரிக்க இடமில்லை. ஊரில் அடுத்தவர் சாவு ஒவ்வொன்றும் எங்கள் குடும்பத்துக்குக் கட்டாய வேலையாக இருந்தது. எங்களைப் பார்த்து இதை ஆடம்பரம் என்று யாரும் சொல்ல முடியாது.

1956 அக்டோபர் 14 அன்று நாக்பூரில் அம்பேத்கர் எடுத்த 22 உறுதிமொழிகளில், சிரார்த்தம் செய்யமாட்டேன், பிண்டம் வைக்கமாட்டேன் என்பதும் ஒன்று. பெரியார் 1973 டிசம்பர் 24 அன்று இறந்தார்; சடங்கு எதுவுமின்றி பெரியார் திடலில் புதைக்கப்பட்டார். 2018 ஜனவரியில் இறந்த எழுத்தாளர் ஞாநியின் உடல் சென்னை மருத்துவக் கல்லூரிக்குப் போனது. இவர்கள் சடங்கை மறுத்தது உயிரோடிருந்தபோது, ஊரறிய. அதனால்தான் பிறகு யாராலும் மாற்ற முடியவில்லை.

எனக்கு முப்பத்திரண்டு வயது. நானும் எழுதிவிட்டேன். முதலில் கண்கள், ஆறு மணி நேரத்துக்குள் எடுக்க வேண்டும். பிறகு உடல் செங்கல்பட்டு அரசு மருத்துவக் கல்லூரிக்கு. விபத்தில் செத்து உடற்கூறாய்வு நடந்தால் கல்லூரிகள் பொதுவாக ஏற்பதில்லை. அப்போது சாதி பார்க்காத மின்மயானம் எங்கே இருக்கிறதோ அங்கே. தூக்கவும் தீ வைக்கவும் பெண்கள் வர வேண்டும். வேலை செய்பவர் யாராக இருந்தாலும் பேசிய கூலி, முன்கூட்டியே. பறை வேண்டுமென்றால் கலைஞர்களை மேடையேற்றி, மரியாதையோடு. பத்தாம் நாள், பதினாறாம் நாள் கிடையாது. ஒரு ஞாயிற்றுக்கிழமை படத்திறப்பு, நினைவேந்தல், எல்லோருக்கும் ஒரே பந்தியில் சோறு. புகழ்ந்து பேசுபவர்களோடு என்னோடு சண்டை போட்டவர்களும் பேசட்டும்.

அம்மாவிடம் காட்டியபோது ‘வாயக் கழுவுடா’ என்றாள். இரண்டு நாள் கழித்துக் கேட்டாள்: ‘அப்ப எனக்கும் இப்படித்தானா? எனக்குக் கருமாதி வேணும்.’ வேண்டுமென்றால் செய்வேன் என்றேன். என் விருப்பத்தை என் பிணத்தின்மேல் மதிக்கச் சொல்கிற நான், அவள் விருப்பத்தை அவள் பிணத்தின்மேல் மிதிக்க முடியாது. ஒன்றைத்தான் மறுத்தேன்: எந்த வீட்டுப் பிள்ளையையும் சாதியைச் சொல்லிக் குழி வெட்டக் கூப்பிடமாட்டேன். ‘அத நானே கூடாதுன்னுதான் சொல்றேன்’ என்றாள்.

அரசிடம் நாம் கேட்க வேண்டியது இரண்டு. ஒவ்வொரு ஊராட்சிக்கும் ஒரே மயானம், அதற்கு ஒரே பொதுப்பாதை. இறுதி நிகழ்வு குறித்து ஒருவர் எழுதி வைத்ததைச் செயல்படுத்த, அவரே நியமித்த ஒருவருக்குச் சட்ட உரிமை. அமெரிக்காவின் பல மாநிலங்களில் இது ஏற்கெனவே இருக்கிறது. சட்டம் வரும்வரை நம் கையில் இருப்பது ஒரு தாள்தான். இந்த வாரமே எழுதுங்கள். இரண்டு சாட்சிகளின் கையெழுத்து வாங்குங்கள். ஒரு படி வீட்டில், ஒரு படி உங்களுக்காகச் சொந்தக்காரர்களோடு மல்லுக்கட்டத் துணிவுள்ள தோழரிடம். எழுதியதைக் குடும்பத்தார் எல்லோரும் இருக்கும்போது சத்தமாகப் படித்துக் காட்டுங்கள். சண்டை வரும். அந்தச் சண்டையை நீங்கள் இருக்கும்போதே போட்டு முடித்துவிடுங்கள். பிறகு உங்கள் தரப்பைப் பேச நீங்கள் இருக்கமாட்டீர்கள்.