அட்டையின் உட்பக்கம்

நான் தரம் 9 இல் படிக்கும்போது, கட்டாரில் வேலை செய்யும் என் வாப்பாவுக்கு ஹஜ்ஜுப் பெருநாளுக்காக ஒரு வாழ்த்து அட்டை செய்தேன். அதற்காக இரண்டு இரவுகள் கண்விழித்தேன். நீல வானம் மூன்று தடவை பிழைத்துப் போய், நான்காவது தடவைதான் சரிவந்தது. எங்கள் தெருவில் இருக்கும் நானா ஒருவர் விடுமுறை முடிந்து கட்டாருக்குத் திரும்பும்போது அவர் கையில் கொடுத்து அனுப்பினோம். பெருநாளன்று வாப்பா கோல் எடுத்தார்.

"அட்டை நல்ல வடிவா இருக்கு மகள். கட்டிலுக்குப் பக்கத்துச் சுவர்ல ஒட்டி வெச்சிருக்கன். ஆனா உள்ளுக்கு நீ ஒண்டும் எழுதல்லியே?"

உள்ளே, கடையில் வாங்கிய 'ஈத் முபாரக்' ஸ்டிக்கர் ஒன்றும் அதன் கீழே என் பெயரும் இருந்தன. "நேரம் கிடைக்கல்ல வாப்பா" என்றேன். அது பொய். ஒரே வானத்தை நான்கு தடவை தீட்ட நேரம் கிடைத்தவளுக்கு நான்கு வரி எழுத நேரம் இருந்திருக்கும். என்ன எழுதுவதென்றுதான் தெரியவில்லை.

இப்போது உயர்தரம் படிக்கிறேன். ஒக்டோபர் 6 ஆம் திகதி ஆசிரியர் தினம் வரும்போதும், பெருநாள் விடுமுறைக்கு முன் வகுப்பறைகளில் அட்டைக் கண்காட்சி வைக்கும்போதும் நான் அட்டைகளைத் திறந்து பார்ப்பது வழக்கமாகிவிட்டது. வெளியே பூக்கள், பிறை, மினாரா, பட்டாம்பூச்சி. உள்ளே பெரும்பாலும் ஒரு ஸ்டிக்கர், அல்லது எல்லோரும் எழுதும் ஒரே வாக்கியம். கையால் செய்தோம் என்று நாம் பெருமைப்படும் அட்டையில் பாதியைத்தான் கையால் செய்கிறோம் என்பது என் கருத்து. மற்றப் பாதியைக் கடையிடமே விட்டுவிடுகிறோம்.

சித்திரத்தை நான் குறைத்துச் சொல்வதாக யாரும் எண்ண வேண்டாம். நீர்வர்ணத்தோடு மல்லுக்கட்டியவர்களுக்குத் தெரியும், அது எவ்வளவு பிடிவாதமானதென்று. வானம் ஏன் மூன்று தடவை பிழைத்தது என்பது எனக்குப் பிறகுதான் விளங்கியது. மெல்லிய தாளில் தண்ணீர் பட்டதும் அது அலைபோல் எழும்பிவிடும். வர்ணம் பள்ளங்களில் போய்த் தேங்கும். நான்கு ஓரங்களையும் ஒரு பலகையில் டேப்பால் ஒட்டிவிட்டு, முழுவதும் காய்ந்த பின் கழற்றினால் இந்தத் தொல்லை குறையும். நாம் வழமையாக வாங்கும் பிரிஸ்டல் போர்ட் வழவழப்பானது. ஒரு பூச்சைத் தாங்கும், அதன்மேல் மீண்டும் மீண்டும் தூரிகையால் தேய்த்தால் கீழே உள்ள வர்ணமும் கிளம்பிவிடும். 300 ஜிஎஸ்எம் தடிப்புள்ள நீர்வர்ணத் தாள் கிடைத்தால் நல்லது. ஆனால் விலை கூட. ஒரு தாளை வாங்கி நான்கு தோழிகள் பங்கிட்டுக்கொள்ளலாம். நாங்கள் அப்படித்தான் செய்கிறோம்.

பிறைக்கு நாம் வெள்ளை வர்ணத்தைத் தேடுகிறோம். நீர்வர்ணத்தில் வெள்ளை என்பது தாளின் வெள்ளைதான். பிறையின் இடத்தை மெழுகுதிரியால் அழுத்தித் தேய்த்துவிட்டு, அதன்மேல் நீலத்தைப் பூசிப் பாருங்கள். மெழுகு தண்ணீரை ஏற்காது. பிறை தானாக வெளியே வரும். வானத்தின் ஈரம் மினுமினுப்பை இழக்கத் தொடங்கும் நேரத்தில் நாலைந்து உப்புக் கற்களைத் தூவினால், ஒவ்வொரு கல்லைச் சுற்றியும் ஒரு வெளிறிய புள்ளி பூக்கும். அவைதான் நட்சத்திரங்கள். நன்றாகக் காயும் முன் உப்பைத் தட்டிவிட்டால் எல்லாம் கலைந்துவிடும். என் இரண்டாவது வானம் அப்படித்தான் போனது.

அச்சுப் பதிப்பதிலும் இப்படிப்பட்ட சின்னச் சின்னச் சூட்சுமங்கள் உண்டு. ஓர் அழிறப்பரைச் சதுரமாக வெட்டி ஒரு தடவை பதியுங்கள். பிறகு அதைப் பாதிச் செங்கோணம், அதாவது 45 பாகை திருப்பி, அதே இடத்தில் இன்னொரு தடவை பதியுங்கள். எட்டு முனை நட்சத்திரம் வந்துவிடும். ஸ்பெயினில் கிரனடாவிலுள்ள அல்ஹம்ரா மாளிகையின் சுவர்களில் ஓடுகளாகப் பதிந்திருக்கும் எட்டு முனை நட்சத்திரத்தின் அடிப்படையும் இந்த இரண்டு சதுரங்கள்தான். எழுத்தைச் செதுக்குவதென்றால் அது கண்ணாடியில் தெரிவதுபோல் இடவலம் மாறியிருக்க வேண்டும். தாளில் பென்சிலால் அழுத்தமாக எழுதி, அதை அழிறப்பரின் மேல் கவிழ்த்துத் தேய்த்தால் அது தானே மாறிப் பதியும். தங்கைமாரிடம் பிளேட்டைக் கொடுக்க வேண்டாம். அவர்களுக்கு வெண்டிக்காய் போதும். குறுக்கே வெட்டி, வழுவழுப்பைத் துணியால் ஒற்றி எடுத்து, கெட்டியான போஸ்டர் வர்ணத்தில் தொட்டுப் பதித்தால் அழகான பூ.

முகப்பில் குர்ஆன் வசனம் எழுதச் சிலர் விரும்புவார்கள். அட்டை என்றாவது ஒருநாள் குப்பைக்குப் போகக்கூடும், ஆகவே வேண்டாம் என்று எங்கள் சித்திர ஆசிரியை சொல்வார். நட்சத்திரங்களுக்கும் கொடிகளுக்கும் நான் வந்து சேர்ந்தது அந்த எச்சரிக்கையால்தான்.

இவ்வளவு பாடுபட்டுச் செய்த அட்டையின் உள்ளே நாம் ஏன் ஊமையாகிவிடுகிறோம்?

கடையில் விற்கும் வாழ்த்து அட்டையின் வரலாற்றில் இதற்கு ஒரு விடை இருக்கிறது. 1843 இல் இலண்டனில் ஹென்றி கோல் என்பவர், தமக்கு வந்து குவிந்த கடிதங்களுக்கெல்லாம் பதில் எழுத நேரமில்லாமல், ஜோன் கோல்கொட் ஹோர்ஸ்லி என்ற ஓவியரைக் கொண்டு ஓர் அட்டை வரையச் செய்து அச்சிட்டார். வாழ்த்து வாசகமும் அதிலேயே அச்சாகியிருந்தது. ஏறக்குறைய 1000 பிரதிகள் அச்சாகின. ஒன்று ஒரு ஷில்லிங் என்று விற்பனைக்கும் வந்தது. முதலாவது வர்த்தக நத்தார் வாழ்த்து அட்டை என்று அதைத்தான் சொல்கிறார்கள். ஆக, அச்சடித்த வாழ்த்து பிறந்ததே எழுதுவதைத் தவிர்ப்பதற்காக. கோல் வேலைப்பளு மிகுந்த மனிதர், அவரைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் வர்ணத்துக்கு இரண்டு இரவு செலவழித்துவிட்டு, எழுதும் இடத்தில் மட்டும் நாமும் அவரைப்போல் அவசரப்படுவது எனக்கு வேடிக்கையாக இருக்கிறது.

வட்ஸ்அப் இருக்கும்போது அட்டை எதற்கு என்று கேட்பவர்களோடு நான் சண்டைபிடிக்க மாட்டேன். வாப்பாவின் குரல் தினமும் எங்கள் வீட்டுக்கு வருவது அதனால்தான். தபால் செலவும் முன்போல் இல்லை. 2022 ஆகஸ்டில் சாதாரண கடிதக் கட்டணம் 15 ரூபாயிலிருந்து 50 ரூபாயானது. ஐம்பது பேருக்கு அட்டை அனுப்புங்கள் என்று நான் யாரிடமும் கேட்கவில்லை. ஒருவருக்கு அனுப்புங்கள். பெருநாளன்று நம் தொலைபேசியில் வந்து நிறையும் பிறைப் படங்களில் யாருடையது எது என்று மறுநாள் உங்களால் சொல்ல முடியுமா? எனக்கு முடிவதில்லை.

பெற்றோர்களிடமும் ஒரு விடயம். பிள்ளை கோணலாக வெட்டினால் கத்தரிக்கோலைப் பறித்து நீங்கள் வெட்டிக் கொடுக்காதீர்கள், உம்மாமாரே. எங்கள் வகுப்பில் பரிசு பெற்ற அட்டைகள் சிலவற்றில் எந்த உம்மாவின் கை இருக்கிறதென்று பார்த்தவுடனேயே சொல்லிவிடுவோம். 'படிக்கிற நேரத்தில் இது என்ன விளையாட்டு' என்று கேட்பவர்களும் உண்டு. பரீட்சையில் ஆயிரம் சொற்களில் கட்டுரை எழுதும் பிள்ளைக்குத் தன் மூத்தம்மாவுக்கு நான்கு வரி எழுத வரவில்லையென்றால் அதுவும் படிப்பில் ஒரு குறைதான். அட்டைப் போட்டிகளுக்குப் புள்ளியிடும் ஆசிரியைகள், பாதிப் புள்ளிகளை உட்பக்கத்துக்கென்று ஒதுக்கிப் பார்க்கலாம். அடுத்த வருடமே ஸ்டிக்கர்கள் குறைந்துவிடும் என்று நினைக்கிறேன்.

என்ன எழுதுவது? நானும் இன்னும் பழகிக்கொண்டுதான் இருக்கிறேன். கவிதை வேண்டாம். அந்த ஒருவருக்கு மட்டும் பொருந்தும் ஒரு செய்தி இருந்தால் போதும். கடந்த நோன்பில் சாச்சிக்கு எழுதிய அட்டையில், அவர் சொல்லித்தந்தபடி நான் காய்ச்சிய நோன்புக் கஞ்சி அடிப்பிடித்ததையும், அதை ஒருவரும் குறை சொல்லாமல் குடித்ததையும் எழுதினேன். அதன் முகப்பில் என் அச்சு கோணலாகப் பதிந்திருந்தது. சாச்சி அதைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை, "எந்தச் சட்டியில காய்ச்சின நீ?" என்றுதான் கேட்டார்.

வரும் வெள்ளிக்கிழமை அந்த நானா மறுபடியும் கட்டாருக்குப் போகிறார். புது அட்டை காய்ந்து மேசையில் கிடக்கிறது. வானம் இம்முறை முதல் தடவையிலேயே சரிவந்துவிட்டது. உள்ளே ஒரு வரி எழுதியிருக்கிறேன்: 'வாப்பா, நீங்கள் போகும்போது கிணற்றடியில் நட்ட மாதுளை இந்தக் கிழமை பூத்துவிட்டது.' இரண்டாவது வரியை இரண்டு தடவை பென்சிலால் எழுதி அழித்துவிட்டேன். வியாழன் இரவு வரை நேரம் இருக்கிறது.