அன்பு மட்டும் போதுமா?

சென்ற ஆண்டு நாட்டு நலப்பணித் திட்டத்தின் சார்பில் வெளியூர் முதியோர் இல்லம் ஒன்றுக்குச் சென்றிருந்தோம். உருது மட்டுமே அறிந்த மூதாட்டி ஒருவர் காலைக் கஞ்சியைத் தொடவே இல்லை. "இரண்டு நாளாய் ரோஜா, ரோஜா என்கிறார். பூவும் வாங்கித் தந்தேன், பிடிவாதம் தீரவில்லை" என்றார் பணிப்பெண். நான் மாதனூர்க்காரன். என் அம்மா ஆம்பூர் ஷூ கம்பெனித் தொழிலாளி. எங்கள் தெருவில் பாதி உருது. 'ரோஜா' என்றால் நோன்பு என்று எனக்குத் தெரியும். அது ரமலான் மாதம்! விடியுமுன் உண்ண ஏதும் கிடைக்காமலே அந்தப் பாட்டி நோன்பிருந்திருக்கிறார்.

பணிப்பெண்ணைக் குறை கூறேன். சொந்தக் காசில் பூ வாங்கியவர் அவர். அவருக்குச் சொல்லித்தர ஆளில்லை. மாவட்டந்தோறும் 150 முதியோருக்காவது இடமுள்ள இல்லம் அமைக்க வழிசெய்யும் 2007ஆம் ஆண்டுச் சட்டப் பிரிவு, மருத்துவத்தையும் பொழுதுபோக்கையும் குறிப்பிடுகிறது. மொழியையும் உணவு வழக்கத்தையும் குறிப்பிடவில்லை.

எங்கள் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். நாளை வேலை என்னைச் சென்னைக்கோ பெங்களூருக்கோ இழுக்கும். தோல் ஷாப்பில் சுண்ணாம்பு தின்ற என் தாத்தாவின் கைகளைக் கண்டு, தொற்றுநோய் என்று எவரும் விலகக்கூடாதே என்ற கவலை எனக்குண்டு.

தமிழ், உருது, தெலுங்கு மூன்றும் பேசுவோர் நம் வகுப்புகளிலேயே இருக்கின்றனர். விடுமுறையில் ஒரு வாரம் இல்லப் பணியாளர்களுக்குச் சொல்லித்தர நான் பெயர் தருகிறேன். பேராசிரியப் பெருமக்கள் அனுமதி பெற்றுத் தருவார்களா?