ரீட்டா எதை இழந்தாள்?

வில்லி ரஸ்ஸலின் 'எஜுகேட்டிங் ரீட்டா' நாடகத்தைப் பற்றிப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் ஓர் ஏக்கத்தோடு பேச்சை முடிப்பதை நாம் கண்டிருக்கிறோம். ஆசிரியரின் அறைக்குள் முதன்முதலாக நுழைந்தபோது அந்தப் பெண் எத்தனை உயிர்த்துடிப்போடு இருந்தாள், படிப்பு அவளையும் பத்தோடு பதினொன்றாக ஆக்கிவிட்டதே என்பது அந்த ஏக்கம். இவ்வாசிப்பில் நமக்கு உடன்பாடில்லை. அது நாடகத்தின் பார்வை அன்று. அதில் வரும் ஆசிரியர் ஃபிராங்கின் பார்வை.

ரஸ்ஸல் 1947-இல் லிவர்பூலை அடுத்த விஸ்டனில் பிறந்தவர். பதினைந்து வயதில் பள்ளியை விட்டு, பெண்களுக்கான சிகையலங்காரத் தொழிலுக்குப் போனார். பின்னர் மாலை வகுப்புகளில் படித்து ஆசிரியரானார். ஆகவே, லிவர்பூல் பேச்சுவழக்கை விடாது பேசும் இருபத்தாறு வயதுச் சிகையலங்காரப் பெண் ரீட்டா அவருக்கு வெளியிலிருந்து கிடைத்த பாத்திரம் அல்லள். ராயல் ஷேக்ஸ்பியர் கம்பெனிக்காக எழுதப்பட்டு 1980-இல் லண்டனில் அரங்கேறிய இந்நாடகத்தில் ஓர் அறையும் இரண்டு மனிதர்களுமே உண்டு. ஒருத்தி, திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் சேர்ந்து இலக்கியம் கற்க வருகிறவள். மற்றவர், எழுதுவதை நிறுத்திவிட்ட கவிஞர். புத்தகங்களுக்குப் பின்னால் மதுப்புட்டிகளை ஒளித்து வைப்பவர். குடிச்செலவுக்காக இந்தக் கூடுதல் வகுப்பை ஏற்றவர். யேட்ஸ் என்ற பெயரைக் கேட்டதும் ரீட்டாவின் நினைவுக்கு வருவது கவிஞர் அல்லர், ஒத்த பெயருள்ள மதுக்கடை. அரங்கில் சிரிப்பெழும் இடம்தான். ஆனால் இரு வர்க்கங்களுக்கும் இடையிலுள்ள தூரத்தை இதைவிடச் சுருக்கமாகச் சொல்ல முடியுமா என்பது ஐயமே.

நம்மைப் போல் வகுப்பறையில் காலம் கழித்தவர்களை மிகவும் சங்கடப்படுத்துவது மக்பெத் கட்டுரைக் காட்சி. நாடகத்தைப் பார்த்துவிட்டு வந்து ரீட்டா எழுதிய கட்டுரை உண்மையானது, உணர்ச்சி நிறைந்தது; தேர்வுக்கோ அது உதவாது. ஃபிராங்க் இதை அவளிடம் மறைக்கவில்லை. தேர்வுக்கேற்ப எழுதப் பழகினால் அவளிடமுள்ள தனித்தன்மை அடங்கிப்போகும் என்று அஞ்சுகிறார்; மாற்றத் தயங்குகிறார். ரீட்டாவோ கட்டுரையைக் கிழித்துவிட்டு, முதலிலிருந்து தொடங்குவோம் என்கிறாள்.

இங்கே யார் பக்கம் நிற்பது? தனித்தன்மை போய்விடும் என்று வருந்தும் ஃபிராங்கிடம் பட்டம் இருக்கிறது, பதவி இருக்கிறது, அவற்றை எள்ளி நகையாடும் வசதியும் இருக்கிறது. ரீட்டா திரும்பிப் போகவேண்டிய வீட்டிலோ, அவள் கருத்தடை மாத்திரை உட்கொள்வதை அறிந்த கணவன் அவளுடைய புத்தகங்களையும் தாள்களையும் எரிக்கிறான். அவள் கள்ளமின்மையை ரசிப்பவர் அதன் விலையைக் கொடுப்பவர் அல்லர். எழுத்தில் பிழை நிறைந்த, ஆனால் 'அசலான' மாணவரை நாமும் ரசித்ததுண்டு. அந்த ரசனையில் கொஞ்சம் கயமை கலந்திருக்கிறது என்பதை ரஸ்ஸல் சுட்டும்போது வலிக்கத்தான் செய்கிறது.

ரீட்டா எதையும் இழக்கவில்லை என்று நாம் வாதிடவில்லை. தன் தெருவிலும் ஒட்டாமல், ஃபிராங்கின் வீட்டு விருந்துக்கு வந்து வாசலோடு திரும்பிவிடும் அந்த இரவின் தனிமை மெய்யானது. இரவல் கருத்துகளைத் தன்னுடையவைபோல் அவள் பேசும் ஒரு கட்டமும் வருகிறது. பண்பாட்டின் உச்சியில் இருப்பதாக அவள் வியந்த அறைத்தோழி டிரிஷ் தற்கொலைக்கு முயன்றபின் அந்த மயக்கம் கலைகிறது. பெர்னார்ட் ஷாவின் 'பிக்மேலியன்' நாடகத்து எலைசாவோடு இவளை ஒப்பிடுவது வழக்கம். ஆனால் எலைசா ஒரு பந்தயத்துக்குப் பொருளாகிறாள். ரீட்டாவோ தானே கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தவள். சூசன் என்ற தன் பெயரை எழுத்தாளர் ரீட்டா மே பிரௌனின் நினைவாக மாற்றிக்கொண்டவளும், பின்னர் அதைக் களைந்தவளும் அவளே.

தேர்வு செய்யும் வாய்ப்பே இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு 1983-இல் லிவர்பூலில் அரங்கேறிய 'பிளட் பிரதர்ஸ்' இசைநாடகத்தைப் பார்க்கலாம். பிறந்தவுடன் பிரிக்கப்பட்ட இரட்டையரில் ஒருவன் ஏழைத் தாயிடமும் மற்றவன் அவள் வேலை செய்யும் செல்வர் வீட்டிலும் வளர்கிறார்கள். இருவரும் சேர்ந்து செய்த குறும்புக்காக வரும் காவலர், ஏழைத் தாயை நீதிமன்றம் என்று மிரட்டுகிறார். செல்வர் வீட்டில் அதையே விளையாட்டுத்தனம் என்று சொல்லிச் சிரித்துப் பேசுகிறார். இந்த ஒரு காட்சி போதும். விதி, சகுனம் என்று கதைசொல்லி அடிக்கடி வந்து பயமுறுத்துவது நமக்கு மிகையாகவே படுகிறது. வேலையிழப்பும் சிறையும் மாத்திரைகளும் மிக்கியை அழிக்கப் போதாதா? ஆயினும் லண்டனில் 1988 முதல் 2012 வரை பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட முறை இது நிகழ்த்தப்பட்டது. 'ஷெர்லி வாலன்டைன்' (1986) இவற்றினும் எளியது. சமையலறைச் சுவரோடு பேசும் நடுவயதுப் பெண் கிரேக்கத்துக்குப் போய் அங்கேயே தங்கிவிடுகிறாள்.

ரீட்டா எங்கே போகிறாள்? தேர்வில் தேறிவிட்டாள். ஃபிராங்க் ஆஸ்திரேலியாவுக்குப் புறப்பட ஆயத்தமாகிறார். உடன் வருமாறு அவளையும் அழைக்கிறார். அவள் எதையும் உறுதி சொல்லவில்லை. பிரான்ஸ் போகலாம், தாய் வீட்டுக்குப் போகலாம், குழந்தையும் பெற்றுக்கொள்ளலாம், தெரியவில்லை என்கிறாள். பிறகு அவரை நாற்காலியில் உட்கார வைத்து, கத்தரிக்கோலை எடுத்துத் தன் பழைய தொழிலைத் தொடங்குகிறாள்.