அலங்காரத்தம்மாள் ஏன் காரணம் சொல்லவில்லை?

தி. ஜானகிராமனின் 'அம்மா வந்தாள்' 1966இல் வெளிவந்தது. அரை நூற்றாண்டு தாண்டிய பிறகும் அதைப் படித்தவர்கள் ஒரு முடிவுக்கு வந்தபாடில்லை. வளர்ந்த பிள்ளைகள் நடமாடும் வீட்டில், கணவன் தண்டபாணியின் கண்ணெதிரே, சிவசு என்ற வேறொரு ஆணுடன் உறவு வைத்திருக்கிறாள் அலங்காரத்தம்மாள். கடைசிப் பிள்ளைகள் சிவசுவுக்குப் பிறந்தவர்கள். அந்தப் பாவம் கரைய வேண்டும் என்று ஒரு மகனை, அப்புவை, காவிரிக் கரை வேதபாடசாலையில் கொண்டுபோய் விட்டிருக்கிறாள். தாய்மையைச் சேற்றில் இழுத்த கதை என்று ஒரு சாரார் கொதித்தார்கள். கட்டுப்பெட்டிக் குடும்பத்துக்குள்ளிருந்து தலைநிமிர்ந்த பெண் என்று இன்னொரு சாரார் அவளைக் கொண்டாடினார்கள். இரு சாராரும் கேட்பது ஒரே கேள்விதான்: அவள் செய்தது சரியா, தவறா? அதற்கு விடை சொல்லத் தேவையான முதல் சாட்சியத்தையே, அதாவது அவள் ஏன் அப்படிச் செய்தாள் என்பதையே, ஜானகிராமன் தராமல் விட்டிருக்கிறார். காரணம் தெரியாத வழக்கில் எழுதப்படும் தீர்ப்பு எழுதுகிறவரின் சொந்தச் சரக்காகத்தான் இருக்கும். வாசகர்கள் பிரிந்து நிற்பது அவர்கள் சரியாகப் படிக்காததால் அல்ல. அப்படிப் பிரியும்படிதான் இந்த நாவல் கட்டப்பட்டிருக்கிறது.

ரகசியம் எந்த வழியாக நம்மிடம் வந்து சேர்கிறது என்று பார்த்தாலே இது விளங்கும். முதலில் அதைச் சொல்பவள் இந்து. பாடசாலையை நடத்தும் பவானியம்மாளின் உறவுப் பெண், இளம் விதவை. தன் ஆசையை அப்பு தட்டிவிட்டு அம்மாவின் பெயரை எடுக்கும்போது, அடிபட்ட வேகத்தில் அந்த அம்மாவைப் பற்றியே சொல்லிவிடுகிறாள். அதன்பிறகு சென்னை வீட்டுக்குள் நுழையும் அப்பு, மகனாக அல்ல, வேவு பார்ப்பவனாகவே நுழைகிறான். நாமும் அவன் முதுகுக்குப் பின்னால் நிற்கிறோம். அம்மாவின் நடை, மிடுக்கு, அவள் பேச்சுக்கு வீடு அடங்கிப்போவது, சிவசு வந்து உட்காரும் உரிமை, உடன்பிறந்தவர்களின் முகம். கிடைப்பதெல்லாம் வெளியிலிருந்து பார்த்தவை. சலிப்பா, வேட்கையா, பழைய காயமா என்று அலங்காரத்தின் வாயால் விளக்கம் வருவதில்லை.

தண்டபாணியிடமும் பதில் இல்லை. பத்திரிகையில் பிழை திருத்துகிறவர், மிச்ச நேரத்தில் ஜாதகம் பார்க்கிறவர். ஊரார் கட்டங்களில் ஏழாம் இடத்தை அலசத் தெரிந்த மனிதர் தன் வீட்டு விஷயத்தில் வாயே திறப்பதில்லை. அவருக்குத் தெரியும். அவருக்குத் தெரியும் என்பது அலங்காரத்துக்கும் தெரியும். ரகசியம் என்று நாம்தான் சொல்கிறோம். அந்த வீட்டில் அது எல்லோரும் அறிந்து, யாரும் பேசாத ஒரு விஷயம், அவ்வளவே. இந்த நாவலின் உண்மையான நடுவயதுக் கசப்பு அலங்காரத்திடம் இருப்பதைவிட இவரிடம்தான் அதிகம் என்று எனக்குப் படுகிறது. விலகவும் முடியாமல், தட்டிக்கேட்கவும் துணியாமல், அவளுடைய கம்பீரத்தின் நிழலிலேயே ஆயுளைக் கழித்தவர். ஆனால் இந்த நாவலைப் பற்றிய சண்டைகளில் அவர் எப்போதும் ஓரமாகவே நிற்கிறார். அவருடைய மௌனம் பெருந்தன்மையா, கோழைத்தனமா என்று யாரும் தொண்டை கிழியக் கத்துவதில்லை. கணவனின் மௌனத்துக்கு நாம் காரணம் கேட்பதில்லை. மனைவியின் செயலுக்கு மட்டும் கேட்கிறோம். வாசகர்களைப் பற்றி இந்த நாவல் காட்டிக்கொடுக்கும் விஷயங்களில் இதுவும் ஒன்று.

அதே 1966இல் ஜெயகாந்தனின் 'அக்கினிப் பிரவேசம்' ஆனந்த விகடனில் வந்து வாசகர்களைக் கிளப்பிவிட்டது. கெடுக்கப்பட்டு வீடு திரும்பும் மகளின் தலையில் தண்ணீரைக் கொட்டி, நீ சுத்தமாகிவிட்டாய் என்று தாய் சொன்னது பலருக்குப் பொறுக்கவில்லை. அந்தத் தாய் அப்படிச் செய்யாமல் கூச்சல் போட்டு ஊரைக் கூட்டியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று எடுத்துக்கொண்டு ஜெயகாந்தன் 'சில நேரங்களில் சில மனிதர்கள்' நாவலை எழுதினார்; அது 1972இல் சாகித்ய அகாதெமி விருதும் பெற்றது. அங்கே ஆசிரியரே வாதாடுகிறார். வாசகர் அவரோடு மல்லுக்கு நிற்கலாம், தோற்கலாம், ஜெயிக்கலாம். ஜானகிராமனிடம் மல்லுக்கு நிற்க ஆளில்லை. அதனால்தான் ஜெயகாந்தன் மீதான கோபம் ஆசிரியர் மீதான கோபமாகவும், 'அம்மா வந்தாள்' மீதான கோபம் அந்தப் பெண்ணின் மீதான கோபமாகவும் திரும்பியது. 1857இல் பாரிஸில் ஃப்ளோபேரின் 'மதாம் பொவாரி' நீதிமன்றம் ஏறியபோது, அதன் நாயகி எம்மாவைக் கண்டிக்கத் தகுதியுள்ள ஒரு பாத்திரம்கூட நாவலில் இல்லை என்பதும் குற்றச்சாட்டுகளில் ஒன்று. ஃப்ளோபேர் விடுவிக்கப்பட்டார். ஆனால் அவரும் எம்மாவின் மனசைத் திறந்து காட்டியவர்தான். அவள் படித்த காதல் கதைகள், மந்தமான மருத்துவக் கணவன், சிற்றூரின் அலுப்பு எல்லாம் நமக்குத் தெரியும். காரணம் தெரிவதால் இரக்கம் எளிதாகிறது. ஜானகிராமன் அந்த வசதியைக்கூட நமக்குத் தரவில்லை.

இது ஆசிரியர் நழுவிக்கொண்டது இல்லையா என்று கேட்கலாம். கொஞ்சம் அப்படித்தான். அலங்காரத்தின் அழகையும் தோரணையையும் வர்ணிக்கும்போது அவருடைய பேனா காட்டும் உற்சாகம், அவளைப் பேசவிட வேண்டிய இடங்களில் காணவில்லை. ஓர் ஆணின் வியப்புதான் அவளைச் செதுக்கியிருக்கிறது, அவளுக்கென்று குரல் இல்லை என்று பெண் வாசகர்கள் சொன்னால் என்னால் மறுக்க முடியாது. ஆனால் குரல் கொடுத்திருந்தால் என்ன நடந்திருக்கும் என்பதையும் யோசிக்க வேண்டும். கணவன் சரியில்லை என்று அவள் சொல்லியிருந்தால் நியாயப்படுத்தியிருப்போம். உடம்பு கேட்டது என்று சொல்லியிருந்தால் ஒதுக்கியிருப்போம். இரண்டிலும் புத்தகத்தை மூடிவைத்துவிட்டு நிம்மதியாகத் தூங்கியிருப்போம். மேலும், ஒரு மகன் தன் தாயின் அந்தரங்கத்தை எவ்வளவு அறிய முடியும்? அப்புவின் பார்வையில் நகரும் கதையில் அவள் மனசு தெளிவாகத் தெரிந்திருந்தால் அதுதான் பொய்யாகியிருக்கும்.

இன்னும் கனமான ஆட்சேபம் முடிவைப் பற்றியது. அலங்காரம் காசிக்குப் போகிறாள். அப்படியானால் ஆசிரியரும் கடைசியில் அவளைப் பாவியாக்கித் தண்டித்துவிட்டார் என்கிறது இந்த வாசிப்பு. நாவலில் நடப்பது வேறு. அப்பு ஒரு ரிஷியாகத் திரும்புவான், அவன் காலில் விழுந்தால் தன் பாவம் எரிந்துபோகும் என்று நம்பியிருந்தவள் அவள். அவனோ இந்துவோடு வாழ முடிவு செய்து பாடசாலையிலேயே தங்கிவிடுகிறான். அவளுடைய பரிகாரத் திட்டம் பலிக்கவில்லை. கணவன் அவளைத் துரத்தவில்லை, ஊர் துரத்தவில்லை, மகனும் தீர்ப்பு வழங்கவில்லை. தானாகத்தான் கிளம்புகிறாள். அந்தக் காலத்து அந்தணக் குடும்பத்துப் பெண், வீட்டையும் புருஷனையும் சிவசுவையும் ஒருசேர விட்டுவிட்டுப் போவதாக இருந்தால், யாரும் ஏன் என்று கேட்காமல் வழியனுப்பிவைக்கும் ஊர் வேறு எது இருந்தது?