விரலுக்கும் எழுத்து வேண்டும்!

"கண் இல்லாத பிள்ளைக்கு எழுத்து எதற்கு? கைபேசிதான் படித்துக் காட்டுகிறதே, காதால் கேட்டுக்கொள்ளட்டும்!" - இப்படிப் படித்தவர்களே பேசக் கேட்கிறோம். இரக்கம் போலத் தோன்றும் இந்தப் பேச்சுக்குள் பழைய மறுப்பே ஒளிந்திருக்கிறது தோழர்களே! "உனக்கு எழுத்து எதற்கு? நாங்கள் சொல்கிறோம், கேட்டுக்கொள்" என்று நம் பாட்டனிடம் சொன்னார்களே, அதே குரல்தான் இது!

ஆறு புள்ளி எழுத்தைத் தந்த லூயி பிரெய்ல் யார்? அரசகுமாரனா? அல்ல! பிரான்சு நாட்டுச் சிற்றூரில் 1809-இல் பிறந்தவர். குதிரைச் சேணம் தைக்கும் தொழிலாளியின் மகன். மூன்று வயதில் தந்தையின் பட்டறையில் தோல் துளைக்கும் ஊசி கண்ணில் பாய்ந்தது. மறு கண்ணும் பின்னர் போயிற்று. முன்வினை என்று மூலையில் குந்திவிட்டாரா? பாரிசுப் பள்ளியில் பயின்றார். பார்பியே என்பவர் வகுத்த 12 புள்ளி முறையை, விரல் நுனிக்குள் அடங்கும் 6 புள்ளிகளாக்கினார். அப்போது அவருக்கு வயது 15! ஊசி பறித்த ஒளியை ஊசியாலேயே மீட்டார்.

பார்வையுள்ளோர் வரவேற்றார்களா? 1840-களில் அந்தப் பள்ளியின் தலைவரே தடை போட்டார். மாணவர்கள் மறைவில் எழுதினர், தடைதான் தோற்றது. பிரெய்ல் மறைந்தது 1852-இல். பிரான்சு அவர் எழுத்தை ஏற்றதோ 1854-இல்! இந்திய மொழிகளுக்கான பொதுமுறை 1951-இல் வந்தது. தமிழும் அதில் இடம் பெற்றது.

இதைக் கற்பிப்பது எளிய வேலையன்று. முதலில் மணி கோத்து, தானியம் பிரித்து விரல் பழக வேண்டும். பிறகு ஆறு குழிப் பலகையில் குண்டுகளை இட்டுப் புள்ளிகளின் இடம் அறிய வேண்டும். வரி தவறாமல் இரு கையும் தாளில் ஓட வேண்டும். எழுதும்போது வலமிருந்து இடமாகக் குத்தி, தாளைத் திருப்பி, இடமிருந்து வலமாகப் படிக்க வேண்டும். அச்சுக் கோத்த தோழர்களுக்கு இது விளங்கும். தலைகீழ் எழுத்தோடு வாழ்ந்தவர்கள் அல்லவா! தறியில் ஓடும் விரல் ஒரே நாளிலா பழகியது? அருகிருந்து பழக்க ஆசிரியர் வேண்டும்.

ஒலி வேண்டாம் என்கிறோமா? இல்லை. கைபேசியும் இருக்கட்டும், கணினியும் இருக்கட்டும். ஆனால், காதால் மட்டும் கேட்ட பிள்ளை, வீட்டின் கூரைக்கும் மணப்பெண்ணின் கூறைக்கும் எழுத்து வேறு என்று எப்படி அறியும்? கணக்கின் படிகளை எங்கே போட்டுப் பார்க்கும்? கேட்பது செய்தியைத் தரும்; எழுத்துதான் மொழியைத் தரும்!

2016-இல் இயற்றிய மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், பிரெய்ல் அறிந்த ஆசிரியரை அமர்த்தச் சொல்கிறது. 18 வயது வரை நூலும் கருவியும் இலவசமாகத் தரச் சொல்கிறது. ஆகவே நாம் கேட்பது பிச்சையன்று, உரிமை! பள்ளி திறக்கும் நாளில் மற்றப் பிள்ளைக்குப் பாடநூல் கிடைக்கிறதென்றால், அதே நாளில் பார்வையற்ற பிள்ளையின் கையிலும் புள்ளி நூல் இருக்க வேண்டும். ஆளுவோர் எவராயினும் இதைக் கேட்போம்.

தோழர்களே, உங்கள் தெருவில் "பாவம், பார்வை இல்லை" என்று வீட்டோடு நிறுத்தப்பட்ட பிள்ளை உண்டா? பெற்றோரிடம் பேசுங்கள். பள்ளிக்கு அழைத்துச் செல்லுங்கள். "பிரெய்ல் கற்பிக்க ஆசிரியர் எங்கே?" என்று கேளுங்கள், வரும்வரை கேளுங்கள்!

அனுதாபம் போதும், அந்தப் பிஞ்சு விரலுக்கு எழுத்தைக் கொடுப்போம்!