லின்ஸுக்குச் செல்லும் நம்மவர்

ஆஸ்திரியா தேசத்து லின்ஸ் நகரில் 1979-ம் வருஷம் ஆரம்பித்த ஆர்ஸ் எலெக்ட்ரானிக்கா என்னும் மின்னணுக் கலை விழாவும் மகாநாடும் இப்போது வருஷந்தோறும் கூடுகின்றன. அங்கு செல்லக் கருதும் நம் கலைஞர்கள் பிரயாண ஏற்பாட்டில் அசிரத்தை காட்டலாகாது. விசா மனுவை 6 மாதத்துக்கு முந்தியும் கொடுத்தல் கூடாது. புறப்பாட்டுக்கு 15 நாள் இருக்கும்வரை தாமதித்தலும் கூடாது. விதி அது.

பெட்டியில் என்ன கொண்டுபோவது என்பதே நமது கேள்வி. கோலத்தை வெறும் அலங்காரமாகக் காட்டித் திரும்புவதாயின் விமானக் கூலி தண்டமென்றே சொல்வோம். கோலத்தின் புள்ளிகளையும் கோடுகளையும் கம்ப்யூட்டருக்கேற்ற இலக்கணமாக வகுத்து, கிஃப்ட் சிரோமணி, ராணி சிரோமணி, கமலா கிருத்திவாசன் ஆகிய மூவர் 1974-லேயே கட்டுரை வெளியிட்டனர். லின்ஸ் விழா தோன்றுவதற்கு 5 வருஷம் முன்னர், நம் சென்னையிலே நடந்த காரியம்! நம்மில் எத்தனை பேர் அதை வாசித்தோம்? செல்வோர் அக்கட்டுரையைப் படித்துணர்ந்து, பிரதியொன்றைக் கையோடு கொண்டுபோவாராக.