மூத்த ஆய்வாளர்க்கான உறைவிட நல்கை: தமிழாய்வு நோக்கில் ஒரு கருத்துரை

முன்னுரை

தமிழ்த்துறைகளில் ‘நல்கை’ என்னும் சொல் பெரும்பாலும் முனைவர் பட்ட மாணவரையே நினைவூட்டுகிறது. பணியில் நிலைபெற்று, நூல்கள் சில எழுதித் துறையில் அறியப்பெற்ற ஓர் ஆய்வாளர், கற்பித்தற் பணியினின்று சிலகாலம் விலகி ஓரிடத்தில் தங்கி ஒரு நூலை எழுதி முடிக்க வழங்கப்பெறும் உறைவிட ஆய்வு நல்கை குறித்து நம்மிடையே உரையாடல் அரிது. இந்நல்கை தமிழாய்வுக்கு ஏன் வேண்டும், வேண்டுமெனின் அஃது எங்கே அமைதல் வேண்டும் என்னும் இரு வினாக்களை இக்கட்டுரை எழுப்புகிறது. இரண்டாம் வினாவிற்கு வேலூர் மாவட்டத்தின் பேரணாம்பட்டும் அதனை அடுத்த தோல்தொழில் ஊர்களும் சான்றாகக் கொள்ளப்பெறுகின்றன.

முன்மாதிரிகள்

1930இல் பிரின்ஸ்டனில் நிறுவப்பெற்ற உயராய்வு நிறுவனம் இவ்வகைக்கு முன்னோடி. இந்தியாவில் 1965இல் சிம்லாவில் குடியரசுத் தலைவர் இராதாகிருஷ்ணனால் தொடங்கிவைக்கப்பெற்ற இந்திய உயராய்வு நிறுவனம் அதன் நெருங்கிய உறவு. ஆங்கிலேய அரசப் பிரதிநிதிகளின் கோடைக்கால மாளிகையே ஆய்வாளர்களின் உறைவிடமாயிற்று. அங்குத் தங்குவோர் தம் ஆய்வை ஒரு தனிநூலாக எழுதி அளித்தல் வேண்டும். ஆசிரியர்கள் ஆண்டுக்கு ஒரு மாதமென மூன்றாண்டுகள் சென்று தங்கும் இணையர் திட்டமும் அங்கு உண்டு.

தமிழ் மரபுக்கு இக்கருத்து அயலானதன்று. 1876இல் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை மறைந்த பின்னரும் உ.வே. சாமிநாதையர் திருவாவடுதுறை ஆதீனத்தின் ஆதரவில் தங்கிக் கற்றும் கற்பித்தும் வந்தார். 1880இல்தான் கும்பகோணம் கல்லூரிப் பணிக்குச் சென்றார். உணவு, உறையுள், ஏடுகள், உடன் உரையாடும் புலவர் குழாம் ஆகிய நான்கும் மடத்தில் ஒருங்கே கிட்டின. எனினும் அக்கொடைக்குச் சாதி, சமய எல்லைகள் இருந்தன என்பதை மறத்தலாகாது. இன்று நாம் மீட்டெடுக்க வேண்டுவது அந்நான்கு வசதிகளை, அவ்வெல்லைகளை அல்ல.

இங்கு ஒரு மறுப்பு எழலாம். சீவக சிந்தாமணிப் பதிப்பு 1887இல் வெளிவந்தபோது உ.வே.சா. கல்லூரி ஆசிரியரே. மயிலை சீனி. வேங்கடசாமியும் பள்ளி ஆசிரியப் பணிக்கிடையேதான் தம் நூல்கள் பலவற்றை எழுதினார். விடுப்பின்றியே பெருநூல்கள் தோன்றியுள்ளன எனின் நல்கை எதற்கு? இவ்வாதம் எழுதி முடித்தோரை மட்டுமே எண்ணுகிறது. எழுதத் தொடங்கிக் காலமின்றி நிறுத்தியோரின் பட்டியல் நம்மிடம் இல்லை.

காலமும் விதியும்

பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018ஆம் ஆண்டு விதிமுறைகள் உதவிப் பேராசிரியர்க்கு வாரம் 16 மணியும், இணைப்பேராசிரியர், பேராசிரியர்க்கு 14 மணியும் நேரடிக் கற்பித்தலை வகுக்கின்றன. விடைத்தாள் திருத்தம், தேர்வுப் பணி, தர மதிப்பீட்டுக் கோப்புகள் ஆகியவை இக்கணக்கிற்கு அப்பாற்பட்டவை. அதே விதிமுறைகள் இணைப்பேராசிரியர், பேராசிரியர் நிலையில் ஏழாண்டு பணியாற்றிய நிரந்தர ஆசிரியர்க்கு ஆய்வு ஓய்வு விடுப்பையும் அனுமதிக்கின்றன: ஒருமுறைக்கு ஓராண்டு, பணிக்காலம் முழுவதற்கும் ஈராண்டு. விதி உள்ளது, விடுப்பெடுத்தவர் சென்று தங்குதற்குத் தமிழில் பணிசெய்யும் இடந்தான் இல்லை. மானியக் குழுவின் தகைசால் பேராசிரியர் நல்கையோ ஓய்வுபெற்றோர்க்கு உரியதாக இருந்தது. ஆற்றல் முதிர்ந்திருக்கும் நாற்பது, ஐம்பது வயதுகளை நாம் கோப்புகளுக்குக் கொடுத்துவிட்டு, எஞ்சியதை ஆய்வுக்கு ஒதுக்குகிறோம்.

எங்கே உறைவது?

உயராய்வு என்றதும் மலைமேல் அமைதியான மாளிகையொன்று மனத்தில் தோன்றுகிறது. மெய்யியலுக்கும் இலக்கியக் கோட்பாட்டிற்கும் அது பொருந்தலாம். ஆனால் தமிழாய்வின் தரவுகளில் ஒரு பெரும்பகுதி இன்னும் மக்கள் வாயில் உள்ளது. அத்தரவின் அருகில் உறைவதும் உறைவிட நல்கையே ஆகும்.

ஆந்திர எல்லையை ஒட்டிய பேரணாம்பட்டில் தமிழும் உருதுவும் தெலுங்கும் ஒரே தெருவில் புழங்குகின்றன. தோல் பதனிடும் தொழிலை நடத்தியோருள் உருது பேசும் முஸ்லிம் வணிகர் மிகுதி. தொழிற்கூடத்தில் உழைத்தோருள் ஆதிதிராவிடர் மிகுதி. தோலை ஊறவைத்தல், சுண்ணாம்பிடுதல், மயிர் நீக்கல், சதை நீக்கல், பட்டைச்சாற்றில் இடுதல் என ஒவ்வொரு படிநிலைக்கும் கருவிக்கும் குறைக்கும் தனிச்சொற்கள் உண்டு. ஆவாரம்பட்டையும் கடுக்காயும் கொண்டு பதனிட்ட முறையோடு வளர்ந்த சொற்கள் அவை. 1970களில் பதனிடப்படாத, அரைப்பதத் தோல்களின் ஏற்றுமதியை அரசு கட்டுப்படுத்தி முழுப்பதத் தோலை ஊக்குவித்தது. குரோமிய முறை பரவியது. பாலாற்று மாசு தொடர்பாக 1996இல் உச்சநீதிமன்றம் அளித்த தீர்ப்பிற்குப் பின் தொழிற்கூடங்களின் அமைப்பே மாறியது. பழைய முறையைக் கையால் செய்தோர் இன்று முதியோர். அவர்களோடு அச்சொற்களும் மறையும்.

இத்தரவைத் திரட்டுதல் ஓர் ஆய்வு மாணவரால் முற்றும் இயலாது என்பதை இப்பகுதியில் களப்பணி செய்துவருபவள் என்ற முறையில் கூறுகிறேன். வினாநிரலுடன் காலையில் வந்து மாலையில் திரும்பும் மாணவருக்குச் சொற்பட்டியல் கிட்டும். ஒரு சொல் உருதுவிலிருந்து தமிழுக்கு வந்ததா, தமிழிலிருந்து உருதுவுக்குச் சென்றதா, உழைப்பவரும் உரிமையாளரும் அதனை ஒரே பொருளில் வழங்குகின்றனரா என்பதை அறியக் கிளைமொழியியலில் தேர்ச்சியும், பன்மொழிப் பயிற்சியும், ஊரார் நம்பிக்கையைப் பெறும் நெடுங்காலமும் வேண்டும். முனைவர் பட்டக் கால எல்லை அதற்கு இடந்தராது.

இளையோர் நலன்

ஊதியம் பெறும் மூத்தோர்க்கு மேலும் நல்கையா என்னும் வினா நியாயமானது. தேசியத் தகுதித் தேர்வின்வழி இளநிலை ஆய்வு நல்கை பெறுவோர்க்கு 2023 முதல் மாதம் ரூ. 37,000 கிடைக்கிறது, அதற்கு வெளியே நிற்கும் ஆய்வு மாணவர் மிகப் பலர். ஆகவே மூத்தோர் நல்கை இளையோர் பங்கைக் குறைப்பதாக அமைதல் கூடாது. அதன் விதிகளாகப் பின்வருவன அமையலாம்:

1. நல்கை பெறும் ஒவ்வோர் அறிஞருடனும் அப்பகுதியைச் சார்ந்த இளம் ஆய்வாளர் இருவர் உதவித்தொகையுடன் இணைக்கப்பெறல்.

2. நிரந்தரப் பணியில்லாத கௌரவ விரிவுரையாளரும், கல்வி நிறுவனம் சாரா ஆய்வாளரும் விண்ணப்பிக்க உரிமை பெறல்.

3. ஓராண்டுத் தங்கலோடு, இரண்டு மூன்று மாதத் தங்கல்களும் குடும்பத்துடன் உறையும் வசதியும் இருத்தல். இவையின்றிப் பெண் ஆய்வாளர் பலர்க்கு இந்நல்கை ஏட்டளவில் நின்றுவிடும்.

4. நூல் தமிழில் எழுதப்பெறுவதோடு, திரட்டிய ஒலிப்பதிவுகளின் படி ஒன்று அவ்வூர்க் கல்லூரி நூலகத்திலும் வைக்கப்பெறல்.

இதற்குப் புதிய மாளிகை வேண்டா. 1981இல் ஆய்வுக்கெனவே தோன்றிய தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகமோ, 1970இல் நிறுவப்பெற்ற உலகத் தமிழாராய்ச்சி நிறுவனமோ நல்கையை வழங்கலாம். சேர்க்காட்டிலுள்ள திருவள்ளுவர் பல்கலைக்கழகமும், 1919 முதல் இயங்கும் வாணியம்பாடி இசுலாமியாக் கல்லூரியும் உறைவிடமும் நூலகமும் தரலாம்.

நிறைவுரை

ஏட்டுச்சுவடிகள் கரையானுக்கு இரையாவதைக் கண்டு பதறிய தலைமுறை நமக்குச் சங்க நூல்களைத் தந்தது. தொழில்வழக்குச் சொற்களுக்குச் சுவடியும் இல்லை. அவற்றை அறிந்தோரின் நினைவே ஏடு. மூத்த ஆய்வாளர் ஒருவர் ஓராண்டு பேரணாம்பட்டில் தங்குவதற்கு ஆகும் செலவு ஒரு பன்னாட்டுக் கருத்தரங்கின் செலவை விஞ்சாது. தமிழ்த்துறைகளின் அடுத்த பாடத்திட்டக் குழுக்களும் ஆட்சிக் குழுக்களும் இதனை விவாதப் பொருளாக்குதல் வேண்டும்.